பச்சை போனது, விஷம் போகவில்லை: பாம் தீவின் சாலமன் அணை, 1979

குட்டைத் தண்ணீர் பச்சையாகிவிட்டது, என்ன போடலாம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் வரும் பதில் மயில்துத்தம், அதாவது செம்பு கலந்த காப்பர் சல்பேட். நம் ஊர் மீன்குட்டைக்காரரும் அதைத்தான் சொல்வார், ஆஸ்திரேலியாவில் மாடு வளர்ப்பவரும் அதைத்தான் சொல்வார். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், போட்ட சில நாளில் பச்சை மறைந்து தண்ணீர் தெளிந்துவிடும். பாசியைக் கொல்லும் என்பதில் சந்தேகமே இல்லை. செத்த பாசிக்குள் இருந்தது எங்கே போகும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, நீர்த்தரத் துறையில் இருப்பவர்கள் இன்றும் திரும்பத் திரும்ப எடுத்துப் பேசுகிற ஒரு நிகழ்வு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பாம் தீவில் நடந்தது. அது ஊர்க் குடிநீர் அணை, பண்ணைக் குட்டை இல்லை. ஆனால் பெரிய நகரத்து நீர்த்தேக்கம் எதுவும் இல்லை, சின்ன அணைதான், அதற்குச் செய்த வைத்தியமும் பண்ணைக் குட்டைக்குச் செய்கிற அதே வைத்தியம்தான். அதனால்தான் சொந்தமாகக் குட்டை வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்ன நடந்தது

பாம் தீவு டவுன்ஸ்வில் நகருக்கு வடமேற்கே ஏறக்குறைய 65 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் இருக்கிறது. 1918-ல் ஹல் ரிவர் என்ற இடத்தில் இருந்த பழங்குடிக் குடியிருப்பைப் புயல் தரைமட்டமாக்கிய பிறகு, குயின்ஸ்லாந்து அரசு அங்கிருந்தவர்களை இந்தத் தீவுக்கு மாற்றியது. அதற்கப்புறம் பல பத்தாண்டுகள் மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் பழங்குடி மக்களை அவர்கள் விருப்பம் கேட்காமலே கொண்டுவந்து இறக்கினார்கள். 1979-ல் தீவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இப்படி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளை, பேரப்பிள்ளைகளும்தான்.

ஊரின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் சாலமன் அணையிலிருந்து வந்தது. நவம்பர் என்றால் அந்தப் பக்கம் மழைக்காலத்துக்கு முந்தைய புழுக்கம், வெயில் கொளுத்தும், அணையில் தண்ணீர் அசையாமல் நிற்கும். அந்த ஆண்டு பாசி திரண்டுவிட்டது. குழாயில் வரும் தண்ணீர் நாறுகிறது, சுவையும் சரியில்லை என்று மக்கள் முறையிட்டார்கள். முறையீடு நியாயமானது, சரியான நேரத்தில் வந்தது என்றுகூடச் சொல்லலாம். பொறுப்பில் இருந்தவர்கள் அணையில் மயில்துத்தம் போட்டார்கள். நாற்றம் அடிக்கும் அணைக்கு அந்தக் காலத்தில் எங்கேயும் செய்யப்பட்ட வழக்கமான வேலை அது.

சில நாளிலேயே தீவின் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். சாப்பாடு இறங்கவில்லை, வாந்தி, தலைவலி, வலது விலாவுக்குக் கீழே தொட்டால் வலி. பார்த்தால் கல்லீரல் வீங்கியிருக்கிறது. முதலில் மலச்சிக்கல், அதற்கப்புறம் ரத்தம் கலந்த பேதி. சிறுநீரில் புரதம், சர்க்கரை, ரத்தம் எல்லாம் வந்தது. உடம்பு உப்புச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாமல் சிறுநீரகம் கைவிட்டதால் பல பிள்ளைகளுக்கு நீர்வறட்சி முற்றி, ட்ரிப்ஸ் ஏற்றியே காப்பாற்ற வேண்டியிருந்தது. நிலைமை மோசமானவர்களை டவுன்ஸ்வில்லுக்குக் கொண்டுபோனார்கள். மொத்தம் 148 பேர், அவர்களில் 138 பேர் பிள்ளைகள். யாரும் சாகவில்லை. குணமாக ஒன்றிலிருந்து மூன்று வாரம் பிடித்தது. 148-ல் 10 பேர்தான் பெரியவர்கள் என்ற கணக்கு முதலில் விநோதமாகத் தெரியும், ஆனால் ஒரு பிள்ளை தன் எடைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும் என்று யோசித்தால் அவ்வளவு விநோதம் இல்லை.

காரணம் பிடிபடவில்லை. கிருமி தேடினார்கள், உணவு பார்த்தார்கள், வேறு நச்சுப் பொருள்களைத் தேடினார்கள், எதுவும் பொருந்தவில்லை. மருத்துவப் பத்திரிகையில் வந்தபோது அதற்கு வைத்த பெயரே பாம் தீவு மர்ம நோய் என்பதுதான்.

தண்ணீர்மேல் சந்தேகம் எப்படி வந்தது

யார் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள் என்று வீடுவீடாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் முடிச்சு அவிழத் தொடங்கியது. நோய் வந்த வீடுகள் சாலமன் அணைத் தண்ணீர் போகும் வீடுகள். தீவிலேயே வேறு தண்ணீர் குடித்தவர்கள் தப்பித்திருந்தார்கள். அதோடு மயில்துத்தம் போட்ட தேதியையும் நோய் தொடங்கிய தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் பாசி நஞ்சாக இருக்கலாம் என்ற கருத்து 1983-ல் அச்சில் வந்தது. அந்தத் தண்ணீரில் இருக்கும் பாசியைத் தொடர்ந்து கண்காணித்து, சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் ராசிபோர்ஸ்கி என்ற நீலப்பச்சைப் பாசியைத் தனியே பிரித்து வளர்த்து எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளின் கல்லீரல் நாசமானது, சிறுநீரகம் உள்ளிட்ட மற்ற உறுப்புகளிலும் சேதம். அது 1985-ல் வெளியானது. நஞ்சின் வேதியமைப்பு 1992-ல் தெரிந்தது. பாசியின் பெயரையே ஒட்டி அதற்கு சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்று பெயர் வைத்தார்கள். செல்கள் புரதம் செய்வதையே தடுக்கிற நஞ்சு இது, அதனால்தான் குடித்த உடனே ஆளைக் கீழே தள்ளாமல் நாள்கணக்கில் உள்ளே வேலை செய்கிறது.

இந்த விசாரணையில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். பாசியைப் பிரித்தது பிற்பாடு. நோய் வந்த வாரத்தில் குழாயில் ஓடிய தண்ணீரில் இந்த நஞ்சு இவ்வளவு இருந்தது என்று காட்ட முடியாது, அப்போது அந்த நஞ்சுக்குப் பெயர்கூட இல்லை. இந்த இடைவெளியில் இன்னொரு கட்சி பின்னாட்களில் நுழைந்தது: பாசியும் இல்லை ஒன்றும் இல்லை, மயில்துத்தத்தை அளவுக்கு மீறிப் போட்டிருப்பார்கள், செம்பு நஞ்சுதான் பிள்ளைகளைப் படுக்கவைத்தது என்று. அசட்டுத்தனமான வாதம் இல்லை அது. செம்பு அதிகமானாலும் வாந்தி வரும், கல்லீரலும் கெடும். ஆனால் செம்பு வயிற்றுக்குள் போனால் பெரும்பாலும் உடனுக்குடன் குமட்டி வெளியே தள்ளும். சிறுநீரகம் உப்பைப் பிடிக்க முடியாமல் வாரக்கணக்கில் இழுத்த அந்தப் படம், எலிகளிடம் பார்த்த பாசி நஞ்சின் படத்தோடுதான் நன்றாக ஒத்துப்போகிறது. என் கணிப்பும் அந்தப் பக்கம்தான், ஆய்வாளர்களில் பெரும்பாலோர் சொல்வதும் அதுதான். சரி, செம்புக் கட்சிதான் ஜெயித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள், குட்டைக்காரருக்கு அதில் என்ன ஆறுதல்? இரண்டு கதையிலும் பச்சைத் தண்ணீரில் மயில்துத்தம் விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி நிறைந்தது.

அணைக்குள் நடந்தது

நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா. நஞ்சைச் செல்லுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் வகைகள்தான் அதிகம், அப்படி உள்ளே இருக்கும் வரை நம்மிடம் ஒரு வாய்ப்பு இருக்கிறது: செல்லை முழுசாக வடிகட்டி எடுத்துவிட்டால் நஞ்சும் அதோடு போய்விடும். படிகாரம் போட்டுப் படியவைத்து மணலில் வடிக்கிற சாதாரண முறைகூட இதைப் பெருமளவு செய்யும். மயில்துத்தம் செல்லின் சுவரை உடைக்கிறது. உடைந்ததும் உள்ளே இருந்தது தண்ணீரில் கரைந்துவிடும், கரைந்ததைப் படிகாரமும் பிடிக்காது, மணலும் பிடிக்காது, துணி வடிகட்டியைப் பற்றிப் பேசவே வேண்டாம். ராசிபோர்ஸ்கி விஷயத்தில் இன்னும் மோசம், உயிரோடு இருக்கும்போதே இதன் நஞ்சில் கணிசமான பங்கு வெளியே கசிந்துகிடக்கும். அந்தக் கசிவின்மேல் மொத்தப் பாசியையும் ஒரே நேரத்தில் உடைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டாம்.

காய்ச்சிக் குடித்தால் போதாதா? போதாது. இந்த நஞ்சு கொதிநீரிலும் அழிவதில்லை, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய செறிவு கூடத்தான் செய்யும். கரைந்த நஞ்சை எடுக்க ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும் அல்லது ஒழுங்கான குளோரின் வேண்டும், குளோரின் இதை நன்றாகவே அழிக்கிறது. குடிநீரில் வாழ்நாள் முழுக்க இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் தற்காலிக அளவு லிட்டருக்கு 0.7 மைக்ரோகிராம். கண்ணால் பார்த்தோ மோந்து பார்த்தோ கண்டுபிடிக்கிற அளவு இல்லை அது.

இந்தப் பாசியின் இன்னொரு குணம் பண்ணைக்காரர்களை ஏமாற்றும். நீலப்பச்சைப் பாசி என்றால் மேலே ஆடை படியும், காற்று அதைக் கரையில் ஒதுக்கும் என்று எல்லோருக்கும் ஒரு படம் மனதில் இருக்கிறது. 1878-லேயே தெற்கு ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்ட்ரினா ஏரியில் கரை ஒதுங்கிய அந்த ஆடையைக் குடித்து ஆடு மாடு குதிரைகள் செத்தது பதிவாகியிருக்கிறது, அது நாடுலேரியா என்ற வேறு வகை. ராசிபோர்ஸ்கி அப்படி ஆடை கட்டாது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மெல்லிய நேர் இழை, நுனியில் கூம்பிய ஒரு செல், காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடிப்பது அந்தச் செல்தான். தண்ணீரில் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழே பட்டையாக நிற்கும், மேலிருந்து பார்த்தால் லேசாகப் பழுப்பு கலந்த பச்சை, அவ்வளவுதான். ஆடையைத் தவிர்க்கக் குழாயின் வாயைக் கொஞ்சம் ஆழத்தில் வை என்பது மற்ற பாசிக்கு நல்ல யோசனை, இதற்கு அதே யோசனை நேராகப் பட்டைக்குள் குழாயை விடுவதாக முடியலாம். பண்ணைக் குட்டையில் இது வராது என்றும் நினைக்க வேண்டாம். 1997-ல் வடக்கு குயின்ஸ்லாந்தின் மெக்கின்லே பகுதியில் ஒரு பண்ணைக் குட்டைத் தண்ணீரைக் குடித்த மாடுகளும் கன்றுகளும் செத்தபோது அந்தக் குட்டையில் இருந்தது இதே பாசி.

இதைப் பண்ணைக்குக் கொண்டுவந்தால்

முதல் வேலை, மருந்து எடுக்கும் முன் அந்தப் பச்சை என்னவென்று பார்ப்பது. ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். நூல் நூலாகக் குச்சியில் தொங்கினால் அது நூல்பாசி, பார்க்க அசிங்கம், மோட்டாரில் சிக்கும், ஆனால் பெரிய விஷம் இல்லை. குச்சியில் எதுவும் தொங்காமல் பெயின்ட் கலந்த தண்ணீர் மாதிரி வழிந்து ஓடினால் எச்சரிக்கையாக இருங்கள். கையுறை போட்டுக்கொண்டு ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு பிடித்து, அசைக்காமல் ஓர் இரவு வையுங்கள். பச்சை மேலே வந்து வளையமாக நின்றால் மிதக்கும் நீலப்பச்சைப் பாசியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் மேலே வரவில்லை என்பதால் தப்பித்தோம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, ராசிபோர்ஸ்கி இந்தச் சோதனையில் மாட்டாமல் போகலாம். பிள்ளைகளோ கால்நடையோ குடிக்கிற தண்ணீர் என்றால் லேபுக்கு அனுப்பி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

பச்சை இல்லை, செம்மண் கலங்கல்தான் என்றால் அது வேறு விவகாரம். சோடியம் அதிகமான களிமண் தண்ணீரில் பிரிந்து மிதந்துகொண்டே இருக்கும், மாதக்கணக்கில் படியாது. ஜிப்சமோ படிகாரமோ போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் படியும். குட்டையில் கொட்டும் முன் நாலைந்து பாட்டிலில் வெவ்வேறு அளவு போட்டு எதில் தெளிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், படிகாரம் தண்ணீரைப் புளிப்பாக்கும் என்பதால் அமிலத் தன்மையையும் சோதியுங்கள். இங்கேயும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. கலங்கல் பாசிக்கு வெயில் கிடைக்காமல் தடுத்துக்கொண்டிருந்தது. தெளிய வைத்ததும் வெளிச்சம் அடிவரை போகும், அடியில் சாணமும் உரமும் ஊறிக்கிடந்தால் அடுத்து வருவது பச்சைதான். 1991 கடைசியில் நியூ சவுத் வேல்ஸில் டார்லிங் ஆறு ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நீளத்துக்கு நீலப்பச்சைப் பாசியாகி, மாநிலம் அவசரநிலை அறிவிக்க வேண்டிவந்ததே, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று: ஓட்டம் குறைந்து, நிலத்தடி உப்புநீர் சேர்ந்து, எப்போதும் கலங்கலாக ஓடும் ஆறு தெளிந்துவிட்டது. பாசிக்கு அதுவே வசதியாகிப்போனது.

மயில்துத்தத்தை அடியோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாசி லேசாகத் தலைகாட்டும்போது, திரளுவதற்கு முன், மாற்றுத் தண்ணீர் கையில் இருக்கும்போது போட்டால் அது ஒரு கருவி. திரண்ட பிறகு போடுவதுதான் பாம் தீவில் நடந்தது. ஆஸ்திரேலியாவில் நீர்நிலையில் போடும் செம்பு மருந்துக்குப் பதிவும் மாநில விதியும் உண்டு, கிடங்கில் பயிருக்கு வாங்கி வைத்ததை அள்ளிக் கொட்டுவது அந்தக் கணக்கில் வராது. செம்பு மீனுக்கு ஆகாது. செம்மறி ஆட்டுக்கு மற்ற கால்நடையைவிடச் செம்பு சீக்கிரம் நஞ்சாகும், செம்மறி குடிக்கும் குட்டை என்றால் இரண்டு தடவை யோசியுங்கள். பாசியைத் தின்று கட்டுக்குள் வைக்கும் தண்ணீர்ப்பூச்சிகளையும் செம்பு கொல்லும், அதனால் திரும்பி வரும் பாசிக்கு எதிரியே இருக்காது. உப்புக்கடினம் அதிகமான காரத் தண்ணீரில் போட்ட மருந்தில் பாதி வேலை செய்யாமல் சேற்றில் போய் உட்காரும், அங்கேயே ஆண்டுக்கணக்கில் இருக்கும். செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜன் தீரும், ஆக்சிஜன் தீர்ந்த சேறு பிடித்துவைத்திருந்த பாஸ்பரஸைத் திருப்பித் தண்ணீரில் விடும், அதைத் தின்று அடுத்த பாசி வளரும். இப்படிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய மருந்தை விற்பவருக்குத்தான் லாபம்.

பார்லி வைக்கோல் போடுவது பற்றிக் கேட்பார்கள். பாசி வருவதற்கு முன்பே போட்டால் சில குட்டைகளில் பலன், சில குட்டைகளில் ஒன்றுமில்லை, வந்த பிறகு போட்டால் அழுகும் வைக்கோல்தான் மிச்சம். காற்றுக்குமிழி விட்டுத் தண்ணீரைக் கலக்குவது அதைவிட நம்பிக்கையான வழி. சாலமன் அணையிலும் பின்னாட்களில் அதைச் செய்து பார்த்தார்கள். ஆனால் அரைகுறையாக, விட்டுவிட்டு ஓட்டினால் அடியில் இருக்கும் சத்தை மேலே கொண்டுவந்து பாசிக்கு ஊட்டுவதாகவும் அது முடியும், கரன்ட் செலவையும் பார்க்க வேண்டும். பாஸ்பரஸைப் பிடித்து அடியில் பூட்டும், லாந்தனம் என்ற உலோகம் சேர்த்த களிமண்ணும் ஆஸ்திரேலியாவில் உருவானதுதான், சின்னக் குட்டைக்கு விலை கட்டுபடியானால் பார்க்கலாம்.

என்னைக் கேட்டால் பணத்தை வேலியில் போடுங்கள் என்பேன். மாடு குட்டைக்குள் இறங்கி நின்று குடிக்கிறது, அங்கேயே சாணி போடுகிறது, கரையை மிதித்துச் சேறாக்குகிறது. பாசிக்குத் தீனி போடுவதே அதுதான். குட்டையைச் சுற்றி வேலி போட்டுத் தண்ணீரைக் குழாயில் எடுத்து வெளியே தொட்டியில் விட்டால் இந்தத் தீனி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். மிகைப்படுத்திச் சொல்லவில்லை: தென்கிழக்கு ஆஸ்திரேலியப் பண்ணைக் குட்டைகளை ஒப்பிட்டு 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், கால்நடையை வெளியே நிறுத்திய குட்டைகளில் கரைந்த நைட்ரஜன் 32 சதவீதமும் பாஸ்பரஸ் 39 சதவீதமும் குறைவாக இருந்தது, ஆக்சிஜன் 22 சதவீதம் கூடுதல். வேலிக்குள்ளே தண்ணீர் வந்து சேரும் வாய்க்காலின் குறுக்கே அடர்ந்த புல்லை விட்டுவையுங்கள், மழையில் அடித்துவரும் மண்ணும் உரமும் அதிலேயே தங்கும். வயலுக்கு உரம் போட்ட மறுநாள் பெருமழை என்று வானிலை சொன்னால் உரம் போடுவதைத் தள்ளிவையுங்கள், காசும் மிச்சம்.

இதைப் படிக்கும்போதே மருந்து போட்டு முடித்துவிட்டீர்கள் என்றால், இன்றைக்குச் செய்ய வேண்டியது தண்ணீர் போகும் வால்வை மூடுவது. கால்நடை, நாய், வீட்டுக் குழாய், தோட்டத்தில் பச்சையாகத் தின்னும் கீரைக்குத் தெளிப்பது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மைக்ரோசிஸ்டின் என்ற இன்னொரு பாசி நஞ்சு மருந்து போட்டு மூன்று வாரம் வரைக்கும் தண்ணீரில் தங்கியது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது, சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சினும் சீக்கிரம் கரைந்துபோகிற ரகம் இல்லை. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்த பிறகும் வால்வு மூடியே இருக்கட்டும். லேபில் கேட்கும்போது பாசி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், பாசிதான் செத்துவிட்டதே, இல்லை என்று தாள் வரும். கரைந்த நஞ்சு எவ்வளவு என்று பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள்.